கேட்டால் கொடுப்பீர்களா, பேனாவை?

சுழல்மூடி:
என்னிடம் 43 ஊற்றுப் பேனா இருக்கிறது. சொல்வதில் கொஞ்சம் பெருமை, கொஞ்சம் கூச்சம், ஏனென்றால் அதில் நான் உண்மையிலேயே எழுதுவது நான்கோ ஐந்தோதான், மற்றதெல்லாம் பெட்டியில் தூங்குகிறது. போன வாரம் பேனாக்காரர்கள் ஏழெட்டுப் பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். ஆளாளுக்குக் கொண்டுவந்ததை விரித்து வைத்தார்கள், நானும் பன்னிரண்டு பேனாவை வரிசையாக வைத்தேன். எதிரே இருந்தவர் என் பார்க்கர் 51-ஐக் காட்டி, 'இதில் ஒரு வரி எழுதிப் பார்க்கலாமா' என்று கேட்டார். நான் யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது. 'மை போடவில்லை' என்றேன்.

பொய். அன்று காலையில்தான் நிரப்பியிருந்தேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. தன்னுடைய பெலிக்கன் பேனாவை மூடி கழற்றி என் பக்கம் நீட்டினார். நான் அரைப் பக்கம் எழுதினேன், நன்றாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன், அதற்குப் பிறகு கிளம்பும்வரை அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எனவே கேட்கிறேன். நீங்கள் உங்கள் பேனாவை அடுத்தவர் கையில் கொடுப்பீர்களா? எதைக் கொடுப்பீர்கள், எதைக் கொடுக்க மாட்டீர்கள்? 'பகிர்ந்தால் இன்பம் பெருகும்' வகைப் பதில் வேண்டாம். கொடுத்துக் கெட்டவர்கள் முதலில் பேசுங்கள்.

மூன்றேபேனா:
கொடுத்துக் கெட்டவன் வந்துவிட்டேன். ஒரு படிவம் நிரப்பும் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன், பக்கத்தில் இருந்தவர் பேனா கேட்டார். சட்டைப் பையில் இருந்ததைக் கொடுத்தேன். அவர் மேல் தப்பு இல்லை, அந்தப் படிவத்துக்கு அடியில் கார்பன் தாள் இருந்தது, மூன்று பிரதி விழ வேண்டும், மனிதர் முழங்கையிலிருந்து பலத்தை இறக்கினார். திரும்பி வந்தபோது நிப்பின் இரண்டு கால்களும் விரிந்து, பிளவு வழியே வெளிச்சம் தெரிந்தது. தங்க நிப்பு. அவர் 'பேனா சரியில்லை சார், மை நிறைய வருது' என்று ஆலோசனை வேறு சொன்னார்.

அன்றிலிருந்து ஒரு பால்பாயிண்ட் கூடவே இருக்கிறது. யார் கேட்டாலும் அதுதான்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். என்னிடம் மூன்றே பேனா. மூன்றிலும் எப்போதும் மை இருக்கும். 43 வைத்துக்கொண்டு நான்கில் எழுதுகிறவர் பேனாவைக் கொடுப்பதா வேண்டாமா என்று கேட்பது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. நீங்களே உங்களுக்குக் கொடுக்கவில்லையே.

பத்துமடங்கு:
மூன்றேபேனா வழக்கம்போலக் காரமாகச் சொன்னாலும் அந்தக் கடைசி வரியில் விஷயம் இருக்கிறது. அது இருக்கட்டும்.

நான் பேனா பழுது பார்ப்பவன், என் மேசைக்கு வரும் நிப்புகளில் பெரும்பாலானவை இரண்டே காரணத்தால் வருகின்றன. ஒன்று கீழே விழுந்தது. இன்னொன்று அழுத்தியது. அடுத்தவர் சும்மா ஒரு பக்கம் எழுதியதால் கெட்டுப்போனது என்று ஒன்றுகூட இதுவரை வந்ததில்லை. 'நிப்பு நம் கைக்குப் பழகும், வேறொருவர் எழுதினால் பழக்கம் கெட்டுவிடும்' என்று காலகாலமாகச் சொல்கிறார்கள். நிப்பு தங்கமாக இருந்தாலும் எஃகாக இருந்தாலும் தாளைத் தொடுவது அதன் நுனியில் ஒட்டவைத்த சின்னக் குண்டு. இரிடியம் என்று பேச்சுவழக்கில் சொல்கிறோம், இன்றைக்கு அதில் பெரும்பாலும் ருத்தேனியம், ஆஸ்மியம், டங்ஸ்டன் மாதிரியான உலோகங்களின் கலவைதான். கல் மாதிரி இருக்கும். அது ஒரே கையில் வருடக்கணக்கில் தினமும் எழுதினால் ஒரு பக்கம் லேசாகத் தேயும், உண்மைதான். அடுத்தவரின் ஒரு வரியில், ஒரு பக்கத்தில், ஒரு மாதத்தில்கூட ஒன்றும் ஆகாது.

ஆனால் வளையும். 14 காரட் என்றால் 58.5 சதவீதம் தங்கம், 18 காரட் என்றால் 75 சதவீதம். காரட் கூடினால் எழுத்து நன்றாக இருக்கும் என்று நினைக்கிறார்கள், அப்படியெல்லாம் இல்லை, அதிகமாக அழுத்தினால் வளைந்தது வளைந்தபடியே நின்றுவிடும், அவ்வளவுதான்.

பால்பாயிண்டில் எழுதியே வளர்ந்த கை அழுத்தத்தான் செய்யும். அதில் மை பசை மாதிரி, குண்டு உருண்டால்தான் இறங்கும், அழுத்தினால்தான் உருளும். இதில் நுனி தாளைத் தொட்டாலே போதும். பிளவில் நிற்கும் மையைத் தாளின் நார் இழுத்துக்கொள்ளும், பிளவில் குறைந்ததை நிப்புக்கு அடியில் இருக்கும் நாக்கின் வாய்க்கால் கொண்டுவந்து தரும், போன மையின் இடத்துக்குக் காற்று உள்ளே ஏறும். வாட்டர்மேன் 1884-இல் காப்புரிமை வாங்கியதும் இந்த மைக்கும் காற்றுக்கும் ஒழுங்கான வழி விட்ட நாக்குக்குத்தான். ஆகவே பேனாவை நீட்டும்போது 'அழுத்த வேண்டாம், அதன் எடையே போதும்' என்று ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுத்தால் பாதி ஆபத்து போய்விடும்.

சுழல்மூடி, இதில் வேடிக்கை என்னவென்றால் நீங்கள் ஒளித்து வைத்த 51-தான் அடுத்தவர் கையில் கொடுக்க மிகப் பொருத்தமான பேனா. 1941-இல் கடைக்கு வந்தது, நிப்பு மொத்தமும் கூட்டுக்குள் இருக்கும், நுனி மட்டும் எட்டிப் பார்க்கும், வளைப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. மூடியைத் திறந்து வைத்துப் பேசிக்கொண்டே இருந்தாலும் மற்ற பேனா போலச் சட்டென்று காயாது.

கொடுக்கக் கூடாதது ஃப்ளெக்ஸ் நிப்பு. பழைய வாட்டர்மேன் 52 போன்றவற்றில் அப்படி வளையும் நிப்பு வரும். அதைப் பார்த்த உடனே எல்லோருக்கும் எவ்வளவு விரியும் என்று பார்க்கும் ஆசை வந்துவிடுகிறது. அதில் நானே எழுதிக் காட்டுவேன், கொடுக்க மாட்டேன்.

நீலக்கட்டைவிரல்:
ஐயா சொன்னதோடு என் பங்குக்குச் சிலது. கொடுப்பவர் மட்டும் கவனமாக இருந்தால் போதாது, வாங்குகிறவருக்கும் ஒரு முறை இருக்கிறது.

மூடி திருகுவதா இழுப்பதா என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள். இழுக்கும் மூடியானாலும் வெடுக்கென்று இழுத்தால் உள்ளே உறிஞ்சும் விசையில் மை மூடிக்குள் தெறித்து நிற்கும், அடுத்தமுறை திறக்கும்போது கழுத்தெல்லாம் மை. (என் பெயர் எப்படி வந்தது என்று நினைக்கிறீர்கள்?) கழற்றிய மூடியைப் பேனாவின் பின்னால் செருகாதீர்கள், சிலருக்கு அது பிடிக்காது, பழைய எபோனைட் (கெட்டி ரப்பர்) பேனாவில் கோடு விழும். பின்பக்கக் குமிழைத் திருகிப் பார்க்கவே கூடாது. குமிழைத் திருகி உடலுக்குள்ளேயே மை உறிஞ்சும் பிஸ்டன் பேனாவாக இருந்தால் மொத்த மையும் மேசைக்கு வந்துவிடும். அப்புறம் மேசையில் வைக்கும்போது உருளாத மாதிரி வையுங்கள். கான்க்லின் கம்பெனி அந்தக் காலத்தில் பேனாவின் உடலிலிருந்து ஒரு பிறையை வெளியே நீட்டி வைத்தது, மை நிரப்ப அமுக்குவதற்காக. ஆனால் மேசையில் உருளாமல் நிற்பதற்கும் அதுவே உதவியது, இன்றைக்கு வரும் கிளிப் இல்லாத பேனாக்களைப் பார்த்தால் அந்தப் பிறைக்கு ஏங்குகிறேன்.

தாளும் நல்லதாக வேண்டும். சொரசொரப்பான தாளில் ஒருவர் எழுதிக் கொடுத்தால் பிளவுக்குள் ஒரு நார் மாட்டிக்கொண்டு அடுத்தவருக்கு எழுத்தெல்லாம் மீசை முளைக்கும், எல்லோரும் பேனாவைத் திட்டுவார்கள். நான் டோமோயே ரிவர் தாளில் கொஞ்சம் எடுத்துப் போவேன், சதுர மீட்டருக்கு 52 கிராம்தான், வெங்காயச் சருகு மாதிரி இருக்கும், ஆனாலும் மை ஊறிப் பின்பக்கம் இறங்காது. பின்பக்கம் நிழல் தெரியும், அது வேறு.

புதுநிப்பு:
குமிழைத் திருகக் கூடாது என்பதைப் படித்ததும் உடம்பெல்லாம் கூசியது, ஏனென்றால் நான் திருகியிருக்கிறேன். ஒருவர் தன் பழைய ஷேஃபர் பேனாவைக் கையில் கொடுத்துவிட்டு யாருடனோ பேசத் திரும்பினார். நான் பின்னால் லேசாகத் திருகினேன். நிப்புக்கு அடியிலிருந்து ஊசி மாதிரி ஒரு குழாய் மெதுவாக வெளியே வந்தது! உடைத்துவிட்டேன் என்று நினைத்து அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவர் திரும்பிப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். ஸ்நார்க்கல் என்று பெயராம், 1952-இல் வந்ததாம், நிப்பை மைக்குள் முக்காமல் அந்தக் குழாயை மட்டும் நீட்டி உறிஞ்சுவதற்காக. பிறகு அவரே மை நிரப்பிக் காட்டினார். அரை மணி நேரம்.

நான் இந்தப் பைத்தியத்தில் விழுந்தது அந்த அரை மணி நேரத்தில்தான். அவர் 'மை போடவில்லை' என்று சொல்லியிருந்தால் இப்போது நான் இங்கே இல்லை. (சுழல்மூடி அண்ணா, குத்திக்காட்டவில்லை!)

ஒரு சந்தேகம். என்னிடம் இருப்பது ஒரே ஒரு லாமி சஃபாரி. அதைக் கொண்டுபோய் இவ்வளவு பெரிய சேகரிப்புக்காரர்கள் நடுவில் வைப்பது நன்றாக இருக்குமா?

நீலக்கட்டைவிரல்:
தாராளமாக வையுங்கள். 1980-இல் பள்ளிப் பிள்ளைகளை மனதில் வைத்துச் செய்த பேனா அது, பேனா புதிதாகப் பிடிப்பவர்களுக்கு முதலில் கொடுப்பதற்கு என் பையிலும் ஒன்று எப்போதும் இருக்கும். நிப்பு கெட்டால் உருவி எடுத்துவிட்டு வேறு மாட்டலாம், மனசு பதறாது.

பேனா இல்லாவிட்டாலும் மை கொண்டுவரலாமே. எனக்குப் பேனாவைவிட அதில்தான் கிறுக்கு. ஒரு குப்பி மையை ஒருவர் தீர்க்க வருடங்கள் ஆகும், அதற்குள் ஆசை அடுத்த நிறத்துக்குப் போய்விடும். அதனால் 2 மில்லி சின்னக் குப்பிகளில் பிரித்துக் கொடுத்து வாங்கிக்கொள்கிறோம். சாதாரணக் கன்வெர்ட்டர் (பேனாவுக்குள் மாட்டி மை உறிஞ்சும் குழல்) ஒரு மில்லிக்கும் குறைவாகத்தான் பிடிக்கும், ஆகவே 2 மில்லி என்றால் இரண்டு மூன்று முறை நிரப்பி நிதானமாக எழுதிப் பார்க்கலாம். இப்படி வாங்கித்தான் டயமைன் ஆக்ஸ்பிளட் எனக்கு அறிமுகமானது, உறைந்த ரத்தம் மாதிரி ஒரு சிவப்பு, யாருக்கும் கடிதம் எழுத முடியாது, பயந்துவிடுவார்கள், ஆனால் குறிப்பேட்டில் அவ்வளவு அழகு.

இதில் நான் விட்டுக்கொடுக்காத ஒரே விதி, வெளியே எடுத்த மை திரும்பக் குப்பிக்குள் போகக் கூடாது. ஒரு பேனாவுக்குள் போய் வந்த மையில் பூஞ்சை வித்து இருக்கலாம், இரண்டு மாதம் கழித்துத் திறந்தால் மேலே ஆடை மாதிரி மிதக்கும், குப்பி மொத்தமும் போச்சு, அதில் நிரப்பிய பேனா எல்லாம் போச்சு. ஊசியும் ஒரு மைக்கு ஒன்று, அல்லது நன்றாகக் கழுவியது. குப்பியில் பெயர் ஒட்டுங்கள். பெயர் மட்டும் போதாது, இரும்பு மையா, மினுமினுப்புத் துகள் உள்ளதா என்றும் எழுதுங்கள். பெலிக்கன் 4001 நீலக்கறுப்பு, பிளாட்டினம் நீலக்கறுப்பு எல்லாம் இரும்பு கலந்தவை, காயக் காயக் கறுக்கும், நல்ல மை, ஆனால் பேனாவுக்குள் காயவிட்டு மறந்துவிடக் கூடாது. வாங்கியவருக்கு அது தெரிய வேண்டுமல்லவா. ஓவியர்கள் தொட்டு வரையும் இந்தியன் மையை ஒருவர் 'நல்ல கறுப்பு' என்று பிரித்துக் கொடுக்கவே வந்துவிட்டார், அதில் அரக்கு இருக்கிறது, நாக்கின் வாய்க்காலில் காய்ந்தால் தண்ணீருக்குக் கரையாது.

சுழல்மூடி:
எல்லோருக்கும் நன்றி. மூன்றேபேனா, வலித்தது, ஆனால் நியாயம்.

ஏன் பொய் சொன்னேன் என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். நிப்பு வளைந்துவிடும் என்ற பயம் இல்லை, 51-இல் வளையாது என்று எனக்கும் தெரியும். அவர் எழுதிப் பார்த்து 'இவ்வளவுதானா' என்று நினைத்துவிட்டால்? அதுதான் பயம் என்று தோன்றுகிறது. தேடித்தேடி வாங்கியதை ஒருவர் இரண்டு வரி எழுதிவிட்டுச் சாதாரணமாகக் கீழே வைப்பதைப் பார்க்க வேண்டியிருக்குமே.

இதற்குப் பின்னால் இன்னொரு கதை இருக்கிறது. என் சேகரிப்பிலேயே நான் அதிகம் ஆசைப்பட்டு வாங்கியது நுனி தட்டையான ஒரு ஸ்டப் நிப்பு பேனா. பெயர் வேண்டாம். அது என்னிடம் ஒழுங்காக எழுதவில்லை. மூன்று சொல் எழுதினால் நான்காவதில் ஒரு கோடு விழாது. கழுவினேன், மை மாற்றினேன், தாள் மாற்றினேன், பயனில்லை. இதை யாரிடமும் காட்டியதில்லை. பெட்டியில் முதல் வரிசையில் வைத்து 'அழகான பேனா' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். யாராவது எழுதிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

பத்துமடங்கு:
முதலிலேயே சொல்லியிருக்கலாமே!

எழுத்து விடுவதற்கு நான்கைந்து காரணம் இருக்கும். பக்கத்தின் மேல்பாதியில் நன்றாக எழுதிக் கீழ்ப்பாதியில் மட்டும் விடுகிறதா என்று பாருங்கள். அப்படியானால் பேனாவில் ஒன்றும் இல்லை, உங்கள் உள்ளங்கை எண்ணெய் தாளில் இறங்கியிருக்கிறது, வழவழப்பான தாளில் இது அதிகம் தெரியும், கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாள் வைத்துக்கொண்டால் சரியாகிவிடும். இதைக் கண்டுபிடிக்காமல் நிப்பைத் தேய்த்துத் தேய்த்து நாசமாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அது இல்லையென்றால் பத்து மடங்கு லென்ஸ் வைத்து நுனியை நேர் எதிரே பாருங்கள். இரண்டு காலும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், ஒன்று மேலே ஒன்று கீழே நின்றால் ஒரு பக்கம் இழுக்கும்போது கீறும். மட்டம் சரி, ஆனால் ஒவ்வொரு சொல்லின் முதல் கோடு மட்டும் விழவில்லை, லேசாக அழுத்தினால் விழுகிறது என்றால் அது வேறு வியாதி, பிளவின் உள்விளிம்பை அளவுக்கு மீறி மெருகிட்டு உருட்டிவிட்டார்கள், மை தாளைத் தொடாமல் உள்ளேயே தொங்கி நிற்கிறது. ஆங்கிலத்தில் பேபிஸ் பாட்டம் என்பார்கள், தமிழில் மொழிபெயர்த்துப் பாருங்கள், சிரிக்காமல் சொல்ல முடியாது.

ஆனால் ஸ்டப் என்று சொன்னீர்களே, அதில் எனக்கு முதல் சந்தேகம் நிப்பின் மேல் இல்லை. சாதாரண நுனி உருண்டை, எப்படிச் சாய்த்தாலும் ஏதோ ஓரிடம் தாளைத் தொடும். ஸ்டப் உளி மாதிரி தட்டை. அதனால்தான் கீழே இழுத்தால் தடித்தும் பக்கவாட்டில் மெலிந்தும் விழுகிறது. அந்த விளிம்பு முழுவதும் தாளில் படிந்தால்தான் மை இறங்கும். நீங்கள் பேனாவைக் கொஞ்சம் உள்பக்கம் திருப்பிப் பிடிக்கிற ஆளாக இருந்தால் ஒரு மூலை தூக்கிக்கொள்ளும், கோடு போய்விடும். நாம் திருப்பிப் பிடிக்கிறோம் என்பது நமக்குத் தெரியவே தெரியாது.

தனியாக உட்கார்ந்து இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். வேறொருவர் கையில் கொடுங்கள், ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். அடுத்தவர் கையில் எழுதினால் சிக்கல் பிடியில், அடுத்தவர் கையிலும் விட்டால் சிக்கல் நிப்பில்.

மூன்றேபேனா:
ஆக, பேனாவைக் கொடுக்காததால் பேனா கெட்டிருக்கிறதா இல்லையா என்பதே தெரியாமல் வைத்திருக்கிறார். பிரமாதம்.

சேகரிப்பவர்களிடம் எனக்கு எப்போதும் உள்ள கேள்விதான். பெட்டிக்குள் வைத்தால் பத்திரம் என்று யார் சொன்னது?

பத்துமடங்கு:
யாரும் சொல்லவில்லை, நாமே நினைத்துக்கொள்கிறோம். எபோனைட் வெளிச்சத்தில் பழுப்பேறும், அதற்குப் பெட்டி நல்லது, சரி. ஆனால் பெலிக்கன் 1929-இல் பிஸ்டன் பேனா கொண்டுவந்த காலத்தில் உள்ளே அடைப்பாக இருந்தது தக்கை. தக்கை ஈரமாக இருக்கும்வரை உப்பி நிற்கும், வருடக்கணக்கில் மை பார்க்காவிட்டால் காய்ந்து சுருங்கிவிடும், பிறகு நிரப்பினால் பின்பக்கமாகக் கசியும். அந்த வயதுப் பேனா எழுதிக்கொண்டே இருந்தால்தான் பிழைக்கும். பழைய செல்லுலாய்டு பேனாவைக் காற்றுப் புகாத பெட்டியில் மற்றதோடு அடைத்து வைப்பதும் தப்பு, அது சிதைய ஆரம்பித்தால் வரும் ஆவி பக்கத்துப் பேனாவின் கிளிப்பையும் வளையத்தையும் அரிக்கும். மையோடு மறந்துபோன பேனாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பிளாட்டினம் 3776 பேனாவின் இப்போதைய வடிவத்தில் மூடிக்குள் காற்று போகாதபடி ஓர் உள்மூடி வைத்திருக்கிறார்கள், மாதக்கணக்கில் விட்டாலும் மை காயாது. (3776 என்பது ஃபுஜி மலையின் உயரம், மீட்டரில். மோன்பிளாங்க் நிப்பில் அவர்கள் மலையின் 4810 இருக்கிறது. பேனாக்காரர்களுக்கு மலை மேல் என்ன ஆசையோ.) ஆனால் அப்படி ஒன்று செய்ய வேண்டி வந்ததே, நம்மில் பாதிப்பேர் பேனாவை நிரப்பிவிட்டு மறந்துபோகிறவர்கள் என்பதால்தானே.

இடதுகை:
இந்த இழையை இன்றைக்குத்தான் பார்த்தேன். முழுவதும் படித்துவிட்டு எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன்.

அந்தப் பெலிக்கன்காரன் நான்தான்.

சுழல்மூடி, மை போடவில்லை என்று நீங்கள் சொன்னபோது உங்கள் நடுவிரலில் நீலக்கறை ஈரமாக இருந்தது. ஆகவே பொய் என்று அப்போதே தெரியும். பொய் ஏன் என்றுதான் தப்பாக நினைத்துக்கொண்டேன். நான் கையை நீட்டியது இடது கை. இடதுகைக்காரனிடம் கொடுத்தால் நிப்பு கெட்டுவிடும் என்று முகத்துக்கு நேரே சொன்னவர்கள் உண்டு. நாங்கள் நிப்பை இழுப்பதில்லை, தள்ளுகிறோம், குத்திக் கிழித்துவிடுவோம் என்று ஒரு நம்பிக்கை. உங்களுக்கும் அதுதான் என்று நினைத்தேன், பழகிப்போன விஷயம், அதனால்தான் ஒன்றும் சொல்லாமல் என் பேனாவை நீட்டினேன். அதில் கொஞ்சம் வீம்பும் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

சொல்லிவிடுகிறேன், எங்களில் எல்லோரும் தள்ளுவதும் இல்லை. என்னைப் போலக் கையை வரிக்குக் கீழே வைத்து எழுதுகிறவர்களுக்குப் பெரிய தொல்லை ஒன்றும் இல்லை. வரிக்கு மேலே கையை வளைத்து எழுதுகிறவர்கள்தான் எழுதியதன் மேலேயே கையைத் தேய்த்துக்கொண்டு போவார்கள், அவர்களுக்குச் சீக்கிரம் காயும் மை வேண்டும். நீலத்தில் சிவப்பு மின்னும் ஷீன் மைகளை நீலக்கட்டைவிரல் அக்கா எனக்கும் கொடுத்தார், அழகுதான், அடுத்த நாள் தொட்டாலும் கையில் வந்தது, அத்தோடு விட்டுவிட்டேன். பைலட் கேப்லெஸ் என்று 1963-லிருந்து வரும் ஒன்று, பால்பாயிண்ட் மாதிரி அமுக்கினால் நிப்பு வெளியே வரும், கிளிப் விரல் வைக்கும் இடத்திலேயே இருக்கும். எல்லோரும் அதைக் குறை சொல்வார்கள். நானும் வலதுகைக்காரர்களும் ஒரே மேசையில் ஒரே குறையைச் சொல்லிக்கொள்ளக் கிடைத்த ஒரே பேனா அது என்பதால் எனக்குப் பிடிக்கும்.

அந்த ஸ்டப்பை அடுத்த தடவை கொண்டுவாருங்கள். எழுதிப் பார்க்கிறேன்.

சுழல்மூடி:
என்ன சொல்வதென்றே தெரியவில்லை. நீங்கள் எந்தக் கையை நீட்டினீர்கள் என்பதை நான் கவனிக்கவே இல்லை, சத்தியமாக. மன்னியுங்கள். ஸ்டப்பும் 51-உம் வருகின்றன. இரண்டிலும் மை இருக்கும்.

புதுநிப்பு:
விரல் கறை காட்டிக்கொடுத்துவிட்டது 😄 இந்தக் கூட்டத்தில் பொய் சொல்ல வேண்டுமானால் முதலில் கை கழுவ வேண்டும்.

சுழல்மூடி:
சந்திப்பு முடிந்து இரண்டு நாள் ஆகிறது, என்ன நடந்தது என்று எழுதுகிறேன்.

இந்தத் தடவை ஆறு பேனாதான் எடுத்துப் போனேன், ஆறிலும் மை. முதலில் 51-ஐ மூடி கழற்றி இடதுகையிடம் கொடுத்தேன். நான்கு வரி எழுதினார். 'வழுக்கிக்கொண்டு போகிறது, ஆனால் எனக்குக் கொஞ்சம் பொடி எழுத்து வேண்டும்' என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதான். நான் பயந்துகொண்டிருந்த 'இவ்வளவுதானா' வந்தது, போனது. ஒன்றும் ஆகவில்லை. உடனே அவருடைய பைலட்டை எடுத்து எழுதிப் பார்த்தேன், அதில் எஃப் (ஃபைன், அதாவது மெல்லிய நிப்பு) என்று போட்டிருந்தது, என்னிடம் இருக்கும் ஐரோப்பியப் பேனாக்களின் எஃப்-ஐவிட எவ்வளவோ மெலிவு. ஜப்பான் நிப்பு மெலிசு என்று நூறு முறை படித்திருக்கிறேன், அடுத்தடுத்த வரியில் எழுதிப் பார்த்ததில்லை.

பிறகு ஸ்டப். கொடுக்கும்போதே 'இது சரியாக எழுதாது' என்று சொன்னேன். ஐயா பக்கத்தில் லென்ஸோடு உட்கார்ந்திருந்தார். இடதுகை அரைப் பக்கம் எழுதினார், ஒரு கோடு விடவில்லை. தடித்தும் மெலிந்தும் அச்சு மாதிரி. அக்கா எழுதினார், விடவில்லை. புதுநிப்புத் தம்பி எழுதினார், ஒரே ஓரிடத்தில் விட்டது, மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதியதால் இருக்கும். நான் வாங்கி எழுதினேன். நான்காவது சொல்லில் கோடு இல்லை.

ஐயா என் கையைப் புகைப்படம் எடுத்துக் காட்டினார். நிப்பின் பிளவு மேலே வானத்தைப் பார்க்க வேண்டியது, என் பக்கமாகத் திரும்பி நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தது. இத்தனை வருடம் எழுதுகிறேன், எனக்குத் தெரியாது. சஃபாரியில் ஏன் இந்தத் தொல்லை வரவில்லை என்றால் அதன் கழுத்தில் விரல் வைக்கப் பட்டையாகச் சீவிய இடம் இருக்கிறது, அது திருப்பவிடுவதில்லை. 51-இன் நுனி உருண்டை, எப்படிப் பிடித்தாலும் மன்னித்துவிடுகிறது. நெஞ்சார ஆசைப்பட்டு வாங்கிய பேனா மட்டும் மன்னிக்கவில்லை.

ஐயா இரண்டு வழி சொன்னார். என் பிடிக்கு ஏற்றபடி நுனியைச் சாய்வாகத் தீட்டித் தருவதாகச் சொன்னார், இல்லாவிட்டால் கிளிப்பையும் பிளவையும் ஒரே கோட்டில் வைத்துக்கொண்டு கிளிப் எங்கே பார்க்கிறது என்று கவனித்தபடியே எழுதிப் பழக வேண்டும். தீட்டினால் அது எனக்கு மட்டும் எழுதும் பேனாவாகிவிடும். யோசித்துப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நான் வேறொரு பேனாவில் பிடியைத் திருத்திக்கொள்ளும்வரை ஸ்டப்பை ஒரு மாதம் இடதுகையிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். கொடுக்கும்போது 'நீலம் தவிர வேறு மை இதில் போட்டதில்லை' என்று மட்டும் சொன்னேன்.

மூன்றேபேனா:
ஒரு மாதமா. நான் ஒரு வரிக்கே கொடுக்க மாட்டேன்.

நீலக்கட்டைவிரல்:
நீங்கள் கொடுக்க வேண்டாம், வந்து எங்களுடையதில் எழுதிவிட்டுப் போங்கள். வேண்டுமானால் பால்பாயிண்டையும் கொண்டுவாருங்கள், நாங்கள் எழுதிப் பார்க்கிறோம்.

சுழல்மூடி:
ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். ஸ்டப் திரும்பி வந்துவிட்டது. கூடவே முப்பது பக்கம், தினமும் ஒன்றாக எழுதியிருக்கிறார், வானிலை, பார்த்த பறவை, இரண்டு பக்கம் முழுக்க ஃபீட் என்பதற்கு 'நாக்கு' சரியான சொல்லா என்ற ஆராய்ச்சி. மூடியைத் திறந்தால் நுனியில் ஊதாச் சிவப்பு.

இடதுகை:
பைலட் இரோஷிசுகு, யாமா-புடோ. அக்கா கொடுத்த 2 மில்லி. நீலம் தவிர வேறு போட்டதில்லை என்றுதானே சொன்னீர்கள், போடக் கூடாது என்று சொல்லவில்லையே. கழுவித் தருவதாக இருந்தேன், அதற்குள் நீங்கள் வாங்கிப் பையில் வைத்துவிட்டீர்கள்.

பத்துமடங்கு:
இந்த மை பெரும்பாலும் வெறும் குளிர்ந்த தண்ணீரில் போய்விடும். வெந்நீர் வேண்டாம், ஸ்பிரிட் கூடவே கூடாது.

சுழல்மூடி:
கழுவவில்லை ஐயா. கன்வெர்ட்டரில் இன்னும் பாதி இருக்கிறது, அது தீரும்வரை அதிலேயே பழகுகிறேன். இப்போது பத்து சொல்லுக்கு ஒரு தடவைதான் விடுகிறது.

மூன்றேபேனா:
நாற்பத்து மூன்றில் இப்போது எத்தனையில் மை இருக்கிறது?

சுழல்மூடி:
ஒன்பது. அதில் இரண்டு என்னிடம் இல்லை.